பருவுக்கு எழுதும் மருந்தும் மூன்று மாதக் கணக்கும்

முகப்பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மூக்கோரத்துக் கரும்புள்ளிக்கும் உண்டு, தாடையில் கட்டிகட்டியாகக் கிளம்பி ராத்திரி புரண்டு படுத்தால் வலிக்கிற பருவுக்கும் உண்டு. ஆனால் அத்தனையும் மெதுவாக வேலை செய்பவை. 8 வாரம் ஆகும், பல பேருக்கு 12 வாரம். மூன்றே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்குகிற டியூப்பும் கடையில் கிடைக்கிறது. அது பருவுக்கான மருந்தே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் முகங்கள் கெட்டுப்போவதைத் தினமும் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மருந்தாளுநர். அவிநாசிப் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை. காலையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கும் பெரியவர்கள் வருவார்கள். சாயங்காலம் பனியன் கம்பெனி வேன் வந்து நின்றதும் இளவட்டங்கள். "பருவுக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்கக்கா" என்று செல்போனை நீட்டுவார்கள். கூட வேலை செய்யும் பெண் போடுகிற டியூப்பின் போட்டோ அதில் இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன், இல்லாவிட்டால் குளோபெட்டசால். கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக். படர்தாமரைக்கு என்று விற்கிற கலவை அது. இன்னொரு வகையும் வரும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த கிரீம். மங்குக்கு டாக்டர் நாள் கணக்கு வைத்து எழுதித் தருவது. அதைச் சிவப்பழகு கிரீம் என்று நினைத்து வருடக்கணக்கில் பூசுகிறார்கள்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் எல்லாமே ஸ்டீராய்டு. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்கும். அதனால் இரண்டு மூன்று நாளிலேயே பரு அமுங்கி, முகம் வெளுத்த மாதிரி தெரியும். பார்த்தவர்கள் கேட்பார்கள், இவர்கள் டியூப்பின் பெயரைச் சொல்வார்கள், அது அடுத்த முகத்துக்குப் போகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடும். பூனைமுடி வளரும். ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள் கும்பலாகக் கிளம்பும். சரி, நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் முகமே சிவந்து எரிந்து, பழையதைவிட அதிகமாக வந்து நிற்கும். பயந்துபோய் மறுபடியும் அதே டியூப்.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒரு பெண், துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். "வெயில்ல நின்னா மொகமெல்லாம் தீயாட்ட எரியுதுங்கக்கா, அதே டியூப்பு இன்னொண்ணு குடுங்க" என்றாள். துப்பட்டாவை இறக்கினபோது கன்னம் இரண்டும் பளபளவென்று மெழுகித் தேய்த்த மாதிரி, நரம்பு தெரிந்தது. "ஏங்கண்ணு, இதை யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டேன். யாரும் எழுதித் தரவில்லை. வேறொரு கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் டியூப் தரவில்லை, தோல் டாக்டரிடம் அனுப்பினேன். இந்த மாதிரி முகத்தில் ஸ்டீராய்டை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மீண்டு வர மாதங்கள் ஆகும், ஆனால் மீளலாம்.

2018ல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பதினான்கை எச் அட்டவணைக்குள் முழுதாகக் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். இன்னமும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது என் தொழில் மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தம்.

சரி, சரியான மருந்துக்கு வருவோம். பரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் சீட்டில் ஏன் இரண்டு மூன்று மருந்து இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். ஒவ்வொரு ரோமக்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயசுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும், சுரப்பி எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும். ரோமக்கால் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைக்கும். தோப்பில் சொட்டுநீர்க் குழாய் முனையில் உப்புக் கட்டி அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்குமே, அந்தக் கதைதான். உள்ளே தேங்கிய எண்ணெயில், எப்போதும் அங்கே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகும். அப்புறம் சிவப்பு, வீக்கம், சீழ். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு கிடையாது. காற்றுப்பட்டுக் கறுத்ததும் தோலின் நிறமியும் சேர்ந்தது. நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தோல்தான் எரிச்சலாகும்.

அடைப்பை எடுக்கிற மருந்து ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரெட்டினாயின் அமெரிக்காவில் 1971ல் அனுமதி பெற்றது. அடபலீன் பிறகு வந்தது, எரிச்சல் குறைவு, நம் ஊர் டாக்டர்கள் அதிகம் எழுதுவதும் அதைத்தான். 0.1 சதவீத ஜெல். இன்றைய பரு வைத்தியத்துக்கு அடித்தளமே இதுதான். ஆனால் ஜனங்கள் பாதியில் தூக்கிப்போடுவதும் இதைத்தான். காரணம், போடும் முறையை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

நான் கடையில் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். ராத்திரி முகம் கழுவித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காய விடுங்கள். ஈரத்தில் போட்டால் எரியும். பச்சைப் பட்டாணி அளவு ஜெல்லை விரல்நுனியில் எடுங்கள். அது முழு முகத்துக்கும் சேர்த்து. நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று வைத்துப் பரப்பிவிடுங்கள். கண்ணோரம், உதட்டோரம், மூக்கின் மடிப்பு வேண்டாம். பரு இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதில் பயனில்லை. நாளைக்கு வரப்போகிற அடைப்பு இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, மருந்து அதற்கும் சேர்த்துத்தான். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். தோல் உரியும், வறளும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடும். மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போட்டுக்கொள்ளலாம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாலோ ரெட்டினாய்டு வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் அசெலாயிக் ஆசிட் மாதிரி வேறு எழுதுவார். அசெலாயிக் ஆசிட்டுக்கு இன்னொரு நல்ல குணம், பரு ஆறின இடத்தில் நிற்கிற கறுப்பையும் மெதுவாகக் குறைக்கும். நம் மாநிறத் தோலுக்கு அந்தக் கறுப்புத்தான் பருவைவிடப் பெரிய கவலை.

கிருமிக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே போதும், கூட்டிப் போட்டால் எரிச்சல்தான் கூடுகிறது. இதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்வதில்லை என்பது இதன் பெரிய பலம். திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றை விளக்கவே வேண்டாம். துணி வெளுக்கும் பட்டறையில் பெராக்சைடு என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள்தானே. இந்த ஜெல்லும் துண்டு, தலையணை உறை, கலர் பனியன் எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டுப் போட்டுவிடும். வெள்ளைத் துண்டு ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடபலீனும் இதுவும் சேர்ந்த ஜெல்லும் கிடைக்கிறது. ட்ரெட்டினாயினை மட்டும் இதோடு ஒரே நேரத்தில் பூசக் கூடாது, பழைய வகை ஜெல்லில் மருந்தின் வீரியம் போய்விடும்.

கிளிண்டமைசின் ஜெல் ஆன்டிபயாடிக். தனியாக இதை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிக்கொள்ளும். பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கும் அதே நியாயம்: மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள், மேலே பூசும் மருந்தும் கூடவே ஓடும். பரு அடங்கியதும் மாத்திரை நிற்கும், ஜெல் நிற்காது. டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். வெயிலும் சீக்கிரம் சுடும். வண்டியில் நாலு ஊர் அலைகிற வேலை என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஹார்மோன் வழியாகவும் வைத்தியம் உண்டு. இதில்தான் கடையில் சண்டையே வரும். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, தாடையோரம் ஆழமான பரு, உதட்டுக்கு மேலே முடி என்று இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குத் தகுந்தபடி கருத்தடை மாத்திரையோ, பிரஷருக்கும் கொடுக்கிற ஸ்பைரனோலாக்டோனோ எழுதக்கூடும். ஒரு அம்மா மகளின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனம்மணி, கல்யாணமாகாத புள்ளைக்கு இதையப் போயி எழுதியிருக்கறாங்களே, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "இருவது வயசுப் புள்ளைக்குப் பிரஷர் மாத்திரை எதுக்குங்க?" என்று கோபமாகவே கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இந்த மாத்திரைகள் ஆண்ட்ரோஜனின் வேலையைக் குறைக்கின்றன. எண்ணெய் குறையும், பரு குறையும். பாக்கெட்டின் மேல் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தி ஆகிவிடாது. ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்கள் கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். ஸ்பைரனோலாக்டோனையும் கர்ப்பத்தில் எடுக்கக் கூடாது.

இனி ஐசோட்ரெட்டினாயின், விழுங்குகிற ரெட்டினாய்டு. 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிகட்டியாக வந்து குழி விழும் பருவுக்கும், மற்ற மருந்தெல்லாம் போட்டும் கேட்காத பருவுக்கும் இதற்கு இணையாக வேறு மருந்து இல்லை. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுகிறது. முடித்த பிறகு பல பேருக்குத் திரும்ப வருவதே இல்லை. எடைக்குத் தகுந்த அளவு: ஒரு கோர்ஸ் முழுவதற்கும் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 6,000 மி.கி. தினம் 20 மி.கி. எடுத்தால் 300 நாள், பத்து மாதம். நடுவில் முகம் தெளிந்ததும் நாமாக நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிச் சாப்பிடுகிற வேளை பொருத்தமான வேளை. உதடு காய்ந்து வெடிப்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், வாசலின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், தவறாமல் எடுங்கள். டாக்ஸிசைக்ளினோடு சேர்த்து எடுக்கக் கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. தனியாக வைட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம். மனம் காரணமில்லாமல் சோர்ந்துபோனால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மருந்து எடுக்கும் காலத்திலும் முடித்து ஒரு மாதம் வரைக்கும் ரத்ததானம் கூடாது. பார்லரில் முகத்துக்கு வாக்சிங் வேண்டாம், தோலோடு உரிந்து வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கர்ப்பம். ஐசோட்ரெட்டினாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் முகம், காது, இதயம், மூளை எல்லாவற்றையும் பாதிக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கழித்துத்தான் கர்ப்பத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 2006 முதல், கர்ப்பம் இல்லை என்ற பரிசோதனை முடிவு பதிவானால்தான் பெண்களுக்கு அடுத்த மாத மருந்தே கிடைக்கும் என்று ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நடப்பது வேறு. கல்யாணம் பேசி முடிக்கும் சமயத்தில் முகம் தெளியட்டும் என்று ஆரம்பிக்கிறார்கள். புகுந்த வீட்டுக்கு மாத்திரை விஷயம் தெரியக் கூடாது என்று கைப்பைக்குள் ஒளித்துவைத்துக் கல்யாணத்துக்குப் பிறகும் விழுங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியாது, புது ஊர் டாக்டருக்கும் தெரியாது. கல்யாணம் நிச்சயமாகிற மாதிரி இருந்தால் தோல் டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள், முடியும் நாளை அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். அம்மாமார்கள் இதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

தேதி என்றதும் இன்னொன்று. "பதினஞ்சு நாள்ல பொண்ணு பாக்க வாராங்க, அதுக்குள்ள தெளியணும்" என்று வருகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. பதினைந்து நாளில் தெளிய வைக்கும் மருந்து அந்த ஸ்டீராய்டு டியூப்தான், அதை நான் எடுத்துத் தரமாட்டேன். ஆவணியில் முகூர்த்தம் என்றால் சித்திரையிலேயே தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாப் பருவும் ஒரே பரு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறையில் நிற்கும் பையன்களுக்கு முன்னங்கையிலும் தொடையிலும் கரும்புள்ளியும் சீழ்ப்பருவும் வரும். கட்டிங் ஆயில் தெறித்து, எண்ணெயில் ஊறின உடுப்பு நாள் முழுவதும் தோலில் உரசுவதால் வருவது. உடுப்பை மாற்றாமல், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவாமல், ஜெல் மட்டும் போட்டுப் பயனில்லை. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரிக்கிறதென்றால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கூடும். காசநோய்க்கு எடுக்கும் ஐசோநியாசிட், வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிட்டாயின், ஜிம்மில் யாரோ போட்டுவிடுகிற ஊசி, இவற்றாலும் பரு மாதிரி வரும். காசநோய் மாத்திரையைப் பருவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் அமுச்சி பருவைச் சூட்டுக்கொப்புளம் என்றுதான் சொல்லும், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லும். உடம்புச் சூட்டால் பரு வருவதில்லை. காங்கயத்துத் தேங்காய் எண்ணெய் தலைமுடிக்கு நல்லதுதான். நெற்றியில் வழியும்படி வைத்தால், பரு வரும் சுபாவமுள்ளவர்களுக்கு நெற்றி ஓரமெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஈரோட்டு மஞ்சள் மேல் எனக்கும் பெருமைதான், ஆனால் ரெட்டினாய்டு போட்டு வறண்டிருக்கும் முகத்தில் மஞ்சளும் பயத்தமாவும் வைத்துத் தேய்த்தால் சிவந்துவிடும். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம், வெந்து கறுக்கும். சாப்பாட்டில், இனிப்பும் மைதாவும் பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீனும் அந்தக் கணக்கில் வரும்.

குழி விழுந்த முகத்தோடு வந்து, "இதுக்கு என்ன ஆயின்ட்மென்ட் இருக்குதுங்க?" என்று கேட்பவர்களிடம் பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். குழியை நிரப்பும் ஆயின்ட்மென்ட் கிடையாது. நுண்ணூசி, லேசர், அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் வெட்டிவிடுவது என்று டாக்டர்கள் செய்கிறார்கள். பணமும் ஆகும், பல தடவை உட்காரவும் வேண்டும், முழுதாகச் சமமாவது அரிது. வலிக்கும் கட்டிப் பரு ஒன்றிரண்டு வந்தவுடனே, இது வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும் என்று விடாமல் டாக்டரிடம் போனால் இந்தக் குழி விழுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வீட்டில் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ கன்னத்தில் குழி இருந்தால் இன்னும் சீக்கிரம்.

செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை, 2022ல் ஆரம்பித்த திருப்பூர் மருத்துவக் கல்லூரி என்று நம் பக்கமே அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், டாக்டருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இதுவரைக்கும் முகத்தில் போட்ட எல்லா டியூப்பையும், காலியானதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகமில்லை, வெள்ளை டியூப், சிவப்பு மூடி என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரைகள், மாதவிடாய் தேதி, கல்யாணப் பேச்சு, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். கிளம்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மருந்து எந்த நேரத்துக்கு, எரிந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும். பதிலைச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விட்டதை மருந்து வாங்கும் கடையில் கேட்கலாம். சொல்ல வேண்டியது எங்கள் வேலை.